தைப்பூசம் வரை மண்ணுக்குத் தவணை

ஏழுமலை மேஸ்திரி அளவு நாடாவின் ஒரு முனையை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு கொல்லைச் சுவர் வரைக்கும் நடந்து போனார். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சின்ன மீன், நிறைய வேலை. கையெல்லாம் செதிள்.

"பத்துக்கு இருவத்திரெண்டு சார். ஒரே நாள்ல கான்கிரீட் போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி.

பிறகு செருப்புக் குதிகாலால் தரையைக் கீறிப் பார்த்தார். டக்கென்று சத்தம் வந்ததே தவிர மண் பெயரவில்லை. மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இதுல புல்லு கூட வராதுக்கா. செத்த மண்ணு இது. மூடிட்டீங்கன்னா கொசு இல்ல, சேறு இல்ல. காலையில கூட்டி வுட்டா வேல முடிஞ்சுது."

எனக்குச் சுருக்கென்றது. "செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க மேஸ்திரி? நாடி புடிச்சுப் பாத்தீங்களா?"

மேஸ்திரி சிரித்தார். என் கணவர் தயாளன் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமா நீயும் மல்லுக்கட்டுற. இன்னா வந்துது சொல்லு" என்றார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. போன மழையில் அந்தக் கொல்லைச் சேற்றில்தான் வண்டியோடு வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். பத்து நாள் தண்ணீர் வடியாமல் நின்றது. கொசுவுக்கு மட்டும்தான் எங்கள் கொல்லையால் லாபம்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தைப்பூசம் வரைக்கும் வுடுங்க. அதுக்குள்ள இந்த மண்ணுல பச்சையா எதுவும் நிக்கலன்னா, சிமெண்டு மூட்டைய நானே போய் எறக்கிட்டு வர்றேன்."

தயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற தனியார் பேருந்துகளுக்கு அவர் டைம் கீப்பர். ஆறு மாதத்துக் கெடு என்றாலும் மணி பார்க்காமல் சொல்ல வராது.

"தைப்பூசம் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை. மேஸ்திரி, அன்னிக்கு வந்துடுங்க. அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

வந்த கோபத்தில் மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு தூக்கி, காய்ந்துகொண்டிருந்த ஒரே கத்தரிச் செடியின் காலில் ஊற்றினேன். குடி, குடித்துவிட்டு எழுந்து நில் என்று அதனிடம் சொன்னேன்.

தாளில் மட்டும் தொட்ட மண்

எனக்கு ஏன் அந்தப் பத்தடி மண்மேல் அவ்வளவு வெறி என்று சொல்ல வேண்டும்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரில், ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சராக நான் சேர்ந்த கதையை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன். முதலில் மெஷினில், பிறகு கம்ப்யூட்டரில், இத்தனை வருஷமும் நான் அடித்ததெல்லாம் நிலம். நஞ்சை, புஞ்சை, மனை, கிணறு, மாவடை, மரவடை. இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் வாய்க்காலுக்குத் தெற்கு. கடலூர் தாலுகாவில் என் விரல் படாத சர்வே நம்பர் குறைவு.

ஆனால் மண்ணைத் தொட்டதில்லை. வாடகை வீடுகளில் தொட விடமாட்டார்கள். ஒரு வீட்டில் தொட்டியில் கொத்தமல்லி போட்டதற்கே, ஈரம் இறங்கித் தளம் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரம்மா எடுக்கச் சொன்னார். அந்த அழகெல்லாம் சென்ற இரண்டு வாரங்களில் பார்த்தாயிற்று.

சொந்த வீடு கட்டி, பின்னால் கொஞ்சம் இடம் மிஞ்சியபோது எனக்கு வீட்டைவிட அந்த மிச்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. தயாளன் ஹாலில் ஓடு பதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் நின்று, வெண்டை இங்கே, அவரை அங்கே என்று மனதுக்குள் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

மனைப்பிரிவு போட்டவர்கள் பள்ளத்தை எதை எதையோ போட்டு மேடாக்கியிருந்தார்கள். மண்வெட்டி போட்டால் செங்கல் துண்டு வரும், பிளாஸ்டிக் வரும், அதற்குக் கீழே பிசுபிசுவென்று களிமண். சரி, திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருத்தம் போடாத பத்திரம் ஏது?

வீட்டுக்குள் ஒரு அடுப்பு, வெளியே ஒரு அடுப்பு

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

நான் துறைமுகத்துப் பக்கம் பிறந்தவள். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

தயாளனின் குடும்பம் வடலூர் வழி. முட்டைகூடக் கிடையாது. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்க மூன்று தலைமுறையாக நடந்து போகிறவர்கள். பேருந்து முதலாளியின் பத்திரத்தை அடித்து வாங்கிக்கொண்டு போக வந்த மனிதர், எழுத்துப்பிழை இருக்கிறது என்று நாலு நாள் தொடர்ந்து வந்தார். பிழையே இல்லை. அப்படிப்பட்ட கல்யாணம்.

"நீ சாப்பிடறத நான் தடுக்க மாட்டேன். வூட்டு அடுப்புல மட்டும் வேணாம்" என்று அப்போதே சொன்னார். அதன்படியே வெளியில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. இன்றுவரை அவர் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

சுளித்ததில்லை என்றால், எனக்குத் தெரிகிற மாதிரி சுளித்ததில்லை. கல்யாணமான புதிதில், நான் மீன் குழம்பு வைத்த ஒரு மதியம், அவர் ரசம் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கேட்டதற்குப் பசி இல்லை என்றார். பிறகு பார்த்தால் வாசலில் துண்டை மூக்கின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு வாடை ஆகவில்லை. சொல்ல மனசும் வரவில்லை.

அன்றிலிருந்து நான் மீன் கழுவுகிற விதமே மாறிப்போனது. ஊரில் எல்லோரும் ஒரு பிடி கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ப்பார்கள். நான் இரண்டு கை நிறையப் போடுவேன். ஒரு தண்ணி, இரண்டு தண்ணி என்று நிறுத்தமாட்டேன், நாலு தண்ணி. ஒவ்வொரு தண்ணிக்கும் புது உப்பு. கழுவி முடித்தால் மீனா, வாழைக்காயா என்று சந்தேகம் வரும்.

போடாதது ஒன்றுமில்லை

அந்த இரண்டு வருஷம் கொல்லையில் நான் போடாத பொருள் இல்லை.

செம்மண் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இரண்டு தெரு தள்ளி மாடு வைத்திருந்தவர்களிடம் சாணி கேட்டு வாங்கி மட்க வைத்தேன். ஓட்டை போட்ட டிரம்மில் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு. தெருப் புங்க மரத்துச் சருகைக் கூட்டுகிறவர்களுக்கு முன்னால் போய் நான் கூட்டி அள்ளிவிடுவேன். வாட்ஸ்அப் குழுவில் வெல்லத்தைக் கரைத்து ஊற்று என்றார்கள், ஊற்றினேன். எறும்பு வந்தது.

செடி வைத்தால் பதினைந்து நாள் நன்றாக இருக்கும். பிறகு இலையின் ஓரம் மட்டும் நெருப்புப் பட்ட மாதிரி கருகும். அப்புறம் முழு இலை. அப்புறம் குச்சி.

கருக ஆரம்பித்தால் போதும், சத்து போதவில்லை என்று இன்னொரு சட்டி மீன் தண்ணீர் ஊற்றுவேன். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு அமிர்தம் என்பது எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அம்மா வீட்டு ரோஜாவும் முருங்கையும் அதில்தான் வளர்ந்தன. வாரத்தில் மூன்று நாள், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், நாலு சட்டித் தண்ணீரையும் ஒரு சொட்டு வீணாக்காமல் கொல்லைக்கே கொடுத்தேன்.

பழியை யார்மேலாவது போட வேண்டுமே. தயாளன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கொல்லையில் நிறுத்தி சோப்புப் போட்டுக் கழுவுவார். கிடைத்தது எனக்கு.

"சோப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் மண்ணு இப்படி ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னா, செடியா கொடியா, அந்த இரும்புதான் முக்கியம்."

ஒருநாள் இல்லை, பல நாள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். இரண்டு வருஷமும் தெருவில்தான் கழுவினார். போகிற வருகிறவர்கள் கேட்டால், கொல்லையில் தோட்டம் போட்டிருக்கிறோம் என்பார். அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரு குச்சிகூட இல்லை.

பெருமாளோடு ஒரு பேரம்

ஆடியில் கெடு வைத்தாயிற்று. ஆவணியில் முதல் காரியமாக, கொல்லையில் நாலு இடத்தில் மண் எடுத்து, கலந்து, ஒரு பையில் கட்டி, மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். போர் தண்ணீரும் ஒரு பாட்டில். முடிவு வரக் கொஞ்சம் நாளாகும் என்றார்கள்.

எனக்குப் பொறுமை இல்லை. திருவந்திபுரம் போய்ப் பெருமாளிடம் நேராகவே பேசினேன். புரட்டாசி முழுக்க மீன் தொடமாட்டேன், கொல்லையில் ஏதாவது ஒன்றை முளைக்க வை என்றேன். நாங்கள் கடற்கரைக்காரர்கள், எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை மட்டும்தான் விடுவோம். முப்பது நாளும் என்பது எனக்குப் பெரிய விஷயம். மீன் விற்க வருகிற பூங்காவனம், "இன்னாம்மா, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் இரண்டு நல்ல மழை பெய்தது. அதற்கு நாலு நாள் கழித்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக மீன் தண்ணீர் கொட்டுகிற இடத்திலேயே, கோரைப்புல் தலை காட்டியது.

வெறும் கோரை. விவசாயிகள் பார்த்தால் திட்டிக்கொண்டே பிடுங்குகிற களை. நான் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதேன்.

"பெருமாள் கைவுடல பாத்தியா" என்றார் தயாளன்.

"கடல் தண்ணி ஊத்துறீங்களா?"

புரட்டாசி முடியும்போது பரிசோதனை முடிவை வாங்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரிக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"வூடு கடலோரமாம்மா?"

"இல்லம்மா. கடல் ரொம்ப தூரம்."

"உப்பு ரொம்ப ஜாஸ்தி இருக்குது. உங்க போர் தண்ணி நல்லாத்தான் இருக்குது. அப்புறம் எப்படி? கடல் தண்ணி கொண்டாந்து ஊத்துறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "கடல் தண்ணிய யாராவது செடிக்கு ஊத்துவாங்களா?" என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். பொருக்கை உடைத்துவிட்டு, நல்ல தண்ணீரை விட்டு உப்பைக் கழுவி வெளியே வடிக்க வேண்டும். மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. பிறகு தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் முன்னால் மடக்கி உழுதுவிட வேண்டும்.

"பத்தடிக்கு இருவத்திரெண்டு அடிம்மா. மாடு திரும்பக் கூட எடமில்ல."

"மண்வெட்டி இருக்குதுல்ல?" என்றார்.

ஐப்பசி முதல் ஞாயிறு. பூங்காவனத்திடம் சங்கரா வாங்கினேன். ஒரு மாதத்து ஆசை. மணையைப் போட்டு உட்கார்ந்து, உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, இரண்டு கையும் நிறைய அள்ளினேன்.

அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

நாலு தண்ணி. வாரத்தில் மூன்று நாள். இரண்டு வருஷம். என் அம்மா வீட்டில் இருந்தது மணல். அவள் போட்ட ஒரு பிடி உப்பு அடுத்த மழைக்கு அடியில் இறங்கிப் போயிருக்கும். இங்கே களி. போட்டதெல்லாம் போட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது. செடி கருகக் கருக நான் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறேன். பெருமாள் பாவம், என்னை ஒரு மாதம் மீன் விட வைத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது.

கடல் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறேன். கையாலேயே தயாரித்து.

தயாளன் உள்ளே காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. எனக்கு மட்டும்தானே தெரியும்? ஆனால் தெருவில் வாளியோடு அவர் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஞாபகம் இருந்தன.

"கொல்லைய கெடுத்தது உங்க சோப்புத் தண்ணி இல்ல. நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ரெண்டு வருஷம் தெருவுல நின்னு கழுவினேன்."

"ஆமா."

"எதிர்வூட்டு ஆளு வண்டியையும் சேத்துக் கழுவச் சொன்னான் ஒரு நாளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடத்தில் நான் இல்லை.

"எதுக்கு மீனுக்கு அத்தினி உப்பு?" என்று கேட்டார்.

சொல்ல வாய் வந்தது. உங்கள் மூக்குக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் ஒரே நொடியில் பழி அவர் பக்கம் போயிருக்கும். செய்யாத தப்புக்கு இரண்டு வருஷம் தண்டித்தது போதாதா?

"பழக்கம்" என்றேன்.

"தைப்பூசத்துக்கு இன்னும் நாளு இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டார். கெடுவை ரத்து செய்யவும் இல்லை, முன்னால் இழுக்கவும் இல்லை. கெடு விஷயத்தில் அவர் அப்படித்தான்.

சிதம்பரத்தில் பிடிபட்டேன்

மறுநாளே லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். என் நாத்தனார் கோமதியின் வீட்டுக்காரர் கிள்ளை பக்கம் நிலம் வைத்திருக்கிறார். அங்கேயும் உப்பு ஏறுகிற மண்தான். நடவுக்கு முன்னால் வருஷா வருஷம் தக்கைப்பூண்டு விதைக்கிறவர்கள்.

கோமதி சம்பா சாதமும் கொத்சும் போட்டாள். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்த கொத்சு. கத்தரிக்காயைப் பார்த்ததும் எனக்கு மறுபடி துக்கம் வந்துவிட்டது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அண்ணி, அவ்ளோ உப்பு எதுக்குப் போடுற? எங்கண்ணன் மூக்குக்குப் பயந்துதான?"

நான் கொத்சைச் சாதத்தில் பிசைந்தேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத கோமதி. ஒரு பழி போட்டதே இன்னும் தீரல. இன்னொன்னு வேணாம்."

"சரி அண்ணி, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றாள். ஒரு பை நிறைய விதையை அளந்து போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

மழைக்கு முன்னால் ஓடியது

அதற்கப்புறம் எனக்கும் மழைக்கும் போட்டி. மழை வருவதற்குள் பொருக்கை உடைத்தாக வேண்டும்.

ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு இருட்டும் வரை. கடப்பாரையால் குத்தி, மண்வெட்டியால் புரட்டி, செங்கல் துண்டைப் பொறுக்கி வெளியே போட்டேன். கொல்லையின் நடுவிலிருந்து பக்கச் சந்து வழியாகத் தெருக் கால்வாய் வரைக்கும் ஒரு முழ ஆழத்துக்கு வடிகால் வெட்டினேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். விரலில் துணி சுற்றிக்கொண்டு தட்டச்சு செய்ததில் ஒரு கிரயப் பத்திரத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறிப்போனது. நல்லவேளை, கையெழுத்துக்கு முன் எங்கள் பத்திர எழுத்தர் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, மண்ணு பாத்துட்டா திசை மறந்துடுமா?" என்றார்.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு வடிகாலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கலங்கலாக, மெதுவாக, ஆனால் நிற்காமல் தண்ணீர் ஓடியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. எத்தனை மீன் சாப்பிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது மழையிலும் தொட்டுப் பார்த்தேன். கரிப்பு குறைந்திருந்தது. மழை விட்ட ஒரு காலையில் தக்கைப்பூண்டை விதைத்தேன்.

நாலாம் நாள் முளைத்தது. கொல்லை முழுக்க. தயாளன் டீ டம்ளரோடு வந்து நின்று குடித்து முடித்தார். மறுநாளும் வந்தார். அதன்பிறகு காலை டீ அங்கேதான்.

கார்த்திகையில் இடுப்புக்கு வந்துவிட்டது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். அந்த வீட்டுக்கு வந்து கொல்லை நிறைய நான் பார்த்த முதல் பச்சை அதுதான். அதைத்தான் வெட்ட வேண்டும்.

அரிவாளோடு போன என்னை அவரே தடுத்தார். "வளந்தத போய் வெட்டுற? பூக்கட்டுமே."

"பூத்தா தண்டு முத்திடும், மக்காது. இது நமக்கு இல்லீங்க, மண்ணுக்கு."

வெட்டும்போது எனக்கே பொறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெட்டினேன், துண்டு போட்டு மண்ணுக்குள் புதைத்தேன். பத்து நாள் அது அழுகி எழுப்பிய நாற்றம் இருக்கிறதே, எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

"இதுக்கு மீனே தேவலாம்" என்றார் தயாளன்.

மார்கழியில் மண்வெட்டி போட்டபோது சத்தம் வரவில்லை. பொலபொலவென்று பிரிந்தது. நிறம் கறுத்திருந்தது. மூன்றாவது வெட்டில் ஒரு மண்புழு நெளிந்தது. நான் அதைச் சேதமில்லாமல் எடுத்து, திரும்பப் புதைத்து, மேலே சருகு மூடினேன். அரைக்கீரை தூவினேன். ஒரு வரிசை கத்தரிக் கன்று நட்டேன். மீன் தண்ணீரை மட்டும் ஐப்பசியிலிருந்து தெருக் கால்வாயில்தான் கொட்டிவந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தயாளன் வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது சிதம்பரம் போய்த் தங்கையையும் பார்த்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

ஞாயிறு காலை. கெடு முடிகிற நாள். பூங்காவனத்திடம் கொஞ்சம் நெத்திலி வாங்கி உட்கார்ந்தேன். உப்பு ஜாடியைக் காணவில்லை. எழுந்து தேடப் போனால், வாசற்படியில் தயாளன் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோமதி சொல்லுச்சு" என்றார்.

மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"இனிமே உப்பு போட்டுக் கழுவாத."

"வாடை அடிக்குங்க."

"அடிக்கட்டும்."

ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் புளியும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணியில் அலசினேன். வாடை அடிக்கத்தான் செய்தது.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை மேஸ்திரி உள்ளே வந்தார். சொன்ன நாளை அவரும் மறக்கவில்லை. தயாளனும் பின்னாலேயே வந்தார். மேஸ்திரி கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். கீரை விரல் உயரத்துக்கு வந்திருந்தது. கத்தரிக் கன்றுகள் புதுத் துளிர் விட்டிருந்தன. ஆனால் வடக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு ஒன்றுமே வரவில்லை. அங்கே இன்னும் வெள்ளை தெரிந்தது.

"நல்லாத்தான்க்கா பண்ணியிருக்கீங்க. ஆனா இந்த மூலை அப்படியேதான இருக்குது? நாலு கீரைக்காக வுட்டா, மழைக்கு மறுபடியும் சேறுதான். சார், கையோட போட்டுடலாம். மணல் எறக்கச் சொல்லட்டுமா?"

நான் எழுந்து நின்றேன். "அந்த மூலைக்கு இன்னொரு மழை வேணும் மேஸ்திரி. அடுத்த மழைக்கும் வெதைப்பேன். அதுக்கு அடுத்த மழைக்கும் வெதைப்பேன்." பச்சை நின்றுவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று வாதாடியிருக்கலாம். அவரைப் பார்த்துக் கேட்கத்தான் தோன்றியது. "இன்னாங்க சொல்றீங்க?"

தயாளன் வேட்டியை மடித்துக் கட்டினார். என் காலடிக்கு வந்து குனிந்தார். மீன் கழுவிய தண்ணீர் இருந்த சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டியை அவர் தொட்டதே இல்லை.

"இத எந்தச் செடிக்கு ஊத்தணும்?" என்று கேட்டார்.

கத்தரிக் கன்றுகளைக் கை காட்டினேன்.

அவர் முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கன்றுக்கும் அளவாக ஊற்றிக்கொண்டே போனார்.